நோயலுக்கு வைத்த கல்

ஐப்பசி மாதம் பத்தி உருட்டுகிறவர்களுக்கு ஆகாத மாதம். கரித்தூளையும் பிசின் தூளையும் தண்ணீர் விட்டுப் பிசைந்து, பலகையில் மூங்கில் குச்சியை வைத்து, உள்ளங்கையால் ஒரே இழுப்பில் உருட்டிவிடலாம். காய வைக்க வெயிலுக்கு எங்கே போவது? பெங்களூர் வானம் அந்த மாதத்தில் ஈரத்துணி போலத் தலைக்கு மேலேயே தொங்கும். ஒக்கலிபுரத்தில் ரயில் பாதைக்கு இந்தப் பக்கத்துச் சந்துகளில் ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் ஈரப் பத்தியை விசிறியாக விரித்து வைத்துவிட்டு, மழை வருதா வருதா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

பிரிசில்லா முப்பது வருடமாக அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தவள். கோலார் தங்கவயலில் புருஷன் இன்னாசியின் நெஞ்சில் சுரங்கத் தூசி கட்டி, இனிமேல் கீழே இறங்காதே என்று கம்பெனி டாக்டர் சொன்னபோது, இரண்டு பிள்ளைகளையும் ஒரு தகரப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு ரயிலேறினார்கள். ரயில் நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே வாடகைக்கு வீடு கிடைத்தது, அங்கேயே தங்கிவிட்டார்கள். வந்த வாரமே பலகையின் முன் உட்கார்ந்தாள். ஞானஸ்நானம் வாங்கின கை, ஊரில் உள்ள சாமிகளுக்கெல்லாம் பத்தி உருட்டியது. கரி ஏறி ஏறி உள்ளங்கை ரேகையெல்லாம் கறுத்துப்போனது. கோவிலில் பூசையில் நன்மை அப்பம் வாங்கும்போது மற்றவர்கள் கையை நீட்டுவார்கள், அவள் மட்டும் நாக்கை நீட்டுவாள்.

அந்தக் கையைச் சனிக்கிழமை சாயங்காலங்களில் தேய்த்து வெளுக்க வைக்கப் பார்த்தவன் மகன் நோயல். கிறிஸ்மஸ் அன்றைக்குப் பிறந்தவன் என்பதால் அந்தப் பெயர். மண்ணெண்ணெயில் தேங்காய் நாரைத் தோய்த்து, பூசைக்குப் போகும் அம்மாவின் கை பளிச்சென்று இருக்க வேண்டுமென்று ஒரு மணி நேரம் தேய்ப்பான். வெளுக்காது. "வுடுறா, சேசு கையிலகூட ஆணி ஓட்டை இருந்துச்சு, என் கையில கரி இருந்தா இன்னா" என்று அவள் சிரிப்பாள். இருபது வயதில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று போய் வரிசையில் நின்றான். நெஞ்சை அளந்தார்கள், எடுத்துக்கொண்டார்கள். அப்பனுக்கு இல்லாத நெஞ்சு மகனுக்கு இருந்தது.

எண்பத்தேழில் அமைதி காக்க என்று சொல்லி இலங்கைக்கு அனுப்பிய படையில் அவனும் போனான். அக்டோபர் மாதம் யாழ்ப்பாணத்தில் குண்டு பட்டு இறந்தான். இருபத்திரண்டு வயது முடியவில்லை. சண்டை நடக்கிற இடத்திலிருந்து உடலைக் கொண்டுவர வழியில்லை, மரியாதையோடு அங்கேயே அடக்கம் செய்யப்பட்டது என்று தந்தி வந்தது. தந்திக்கு நாலு நாள் பின்னால், செத்தவன் கையெழுத்தில் ஒரு கடிதமும் வந்தது. ‘அம்மா, இங்கேயும் நம்ம பாஷைதான். டீக்கடை அம்மா தம்பின்னுதான் கூப்பிடறாங்க. தோளில் இருக்கிற துப்பாக்கியைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திடறாங்க’ என்று எழுதியிருந்தான்.

இங்கே மட்டும் என்ன, இங்கேயும் பேச்சை நிறுத்தித்தான் இருந்தார்கள். அப்போது அந்தச் சந்தில் தமிழ் மன்றம் ஒன்று இருந்தது. மில் தொழிலாளி ஆதிகேசவன்தான் அதற்குச் செயலாளர். ஈழத்து ஜனங்களுக்கு என்று துணிமணி சேர்த்தவர், கறுப்புக் கொடி கட்டியவர். அது ஒன்றும் பொய்ப் பாசமில்லை, ஆள் அந்த விஷயத்தில் உருகத்தான் உருகினார். ஆனால் பிரிசில்லா குடத்தோடு நிற்கிறாள் என்று தெரிந்தே குழாயடியில் ஒரு வார்த்தை சொன்னார். "தமிழனைச் சுடப் போனான், தமிழன் சுட்டான். இதுல அழறதுக்கு இன்னா இருக்குது?" முப்பதாம் நாள் பூசைக்கு எட்டுப் பேர் வந்தார்கள். அதில் ஒருத்தி எதிர்வீட்டுக் கன்னடத்துக்காரி லட்சுமம்மா. அவளுக்குப் பூசையில் எப்போது எழுந்திருப்பது, எப்போது முட்டி போடுவது என்று தெரியாமல், பிரிசில்லாவைப் பார்த்துப் பார்த்துச் செய்தாள்.

தொண்ணூறில் படை திரும்பியபோது நோயலோடு இருந்த டென்சில் என்ற பையன் தேடிக்கொண்டு வந்தான். அவனும் தங்கவயல்காரன்தான். குழி வெட்டினவர்களில் அவனும் ஒருத்தன். ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், பனைமரத்தடியில், மூன்றடிக்கு மேல் தோண்ட நேரம் இல்லையாம். சரக்குப் பெட்டிப் பலகையில் சிலுவை செய்து தாரில் பேர் எழுதி நட்டானாம். "திரும்பி வரச்சே போய்ப் பாத்தேன்மா. சிலுவை இல்ல. அங்க ஜனங்களுக்கு விறகுக்குப் பஞ்சம், எடுத்துட்டுப் போயிருப்பாங்க" என்றான். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. களியும் கருவாட்டுக் குழம்பும் போட்டாள், சாப்பிட்டுவிட்டுப் போனான். பிறகு வரவில்லை.

இந்த ஜனங்களுக்குக் கல்லறைத் திருநாள் என்றால் சும்மா இல்லை. நவம்பர் இரண்டாம் தேதி செத்தவர்களுக்குத் தீபாவளி மாதிரி. முதல் நாளே போய்ப் புல் செதுக்கி, கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, மங்கிப்போன பேரின் மேல் கறுப்பு மையால் மறுபடி எழுதி, சாமந்தி மாலை போட்டு, மெழுகுவத்தி ஏற்றுவார்கள். பேர் எழுதாமல் விட்டால் அந்த வீட்டுக்காரர்கள் செத்தவனை மறந்துவிட்டார்கள் என்று அர்த்தம். இன்னாசி தொண்ணூற்று நாலில் போய்ச் சேர்ந்தார். அவர் சிலுவையில் அவர் பேருக்குக் கீழே மகன் பேரையும் எழுதிக்கொள்கிறேன் என்று பிரிசில்லா கல்லறை ஆபீசில் போய்க் கேட்டாள். கீழே படுத்திருப்பவர்கள் பேரைத்தான் மேலே எழுதலாம், அதுதான் சட்டம் என்றார்கள். சட்டம் பேசினவர் வீட்டில் எல்லாரும் உள்ளூரிலேயே செத்திருப்பார்கள் போலிருக்கிறது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் அவள் புருஷனுக்கு எழுதினாள், பக்கத்தில் அடங்கியிருந்த தன் அண்ணனுக்கு எழுதினாள், மீந்த மையை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

தொண்ணூற்றொன்பதில் கார்கில் சண்டை வந்தது. நாடே டி.வி. முன்னால் உட்கார்ந்து அழுதது. செத்த சிப்பாயின் அம்மா என்றால் ஊரே காலில் விழுந்தது. வார்டு கவுன்சிலர் சுதந்திர தினத்துக்கு ஒரு வீரத்தாயை மேடை ஏற்ற ஆசைப்பட்டார். வார்டில் கார்கிலுக்குப் போனவன் ஒருத்தனும் இல்லை. அப்போது ஆதிகேசவனுக்குப் பிரிசில்லா ஞாபகம் வந்தாள்.

ஆதிகேசவனின் கதையையும் சொல்லிவிட வேண்டும். தொண்ணூற்றொன்று டிசம்பரில் காவிரிக் கலவரம் வந்து, தமிழன் வீடு எது என்று தேடித் தேடி அடித்தபோது, மன்றத்துப் போர்டைத்தான் முதலில் கொளுத்தினார்கள். ஆதிகேசவன் இரண்டு நாள் லட்சுமம்மா வீட்டுப் பரணில் ஒளிந்திருந்தார். அதே பரணில் பிரிசில்லாவும் அவள் மகள் ரோஸ்லினும் இருந்தார்கள். லட்சுமம்மா வாசலில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டே, உள்ளே யாரும் இல்லை என்று கத்தியைக் காட்டிச் சொன்னாள். ரோஸ்லின் புருஷனுக்குத்தான் ஒளிய இடம் கிடைக்கவில்லை. ஆட்டோவையும் எரித்து, ஓட்டின கையையும் உடைத்தார்கள். அதற்குப் பிறகு ஆதிகேசவன் போர்டு வைக்கவில்லை. மில்லும் மூடிவிட்டது. கன்னடம் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டு கவுன்சிலரோடு சேர்ந்தார். நவம்பர் ஒன்றாம் தேதி, கர்நாடக மாநிலம் பிறந்த நாள் என்று கொண்டாடும் ராஜ்யோத்சவத்துக்கு அந்தத் தெருவில் முதல் கொடி கட்டுகிறவர் அவர்தான். சூடு பட்ட பூனை, என்ன செய்வது.

அவர் பழத்தட்டோடு வந்தார். குழாயடியில் சொன்னதை இரண்டு பேரும் எடுக்கவில்லை. மேடை, சால்வை என்றெல்லாம் அவர் சொல்லி முடிக்கிற வரைக்கும் பிரிசில்லா பத்தி உருட்டிக்கொண்டே இருந்தாள்.

"சால்வையெல்லாம் எனக்கு வேணாம் ஆதிகேசவா. ஒரு கல்லு வெச்சுக் குடு. அவன் பேரையும், அவன் எந்த ஊர்ல விழுந்து கெடக்கிறான்றதையும் எழுதி வை. அது போதும். சாவுற வரைக்கும் நானே சுண்ணாம்பு அடிச்சிக்கிறேன்."

"ஆவட்டும்க்கா. கவுன்சிலரு கிட்ட சொல்லி வெச்சிடலாம்" என்றார்.

வைத்தார்கள். சந்து முனையில், கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில், இடுப்பளவு கருங்கல். எழுத்து கன்னடம். தமிழில் எழுதக் கேட்க யாருக்கும் தைரியமில்லை. பிரிசில்லாவும் கேட்கவில்லை. எந்த எழுத்தாக இருந்தால் என்ன, பேர் அவன் பேர்தானே என்று இருந்துவிட்டாள். மேடையில் நாலு பேர் கன்னடத்தில் பேசினார்கள், கடைவீதிக் கன்னடம் மட்டும் தெரிந்த அவளுக்குப் புரியவில்லை. கார்கில், கார்கில் என்று நிறையக் காதில் விழுந்தது. அந்த வருடம் எந்த மேடையில் கார்கில் விழவில்லை? அங்கே செத்த பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். அன்று இரவு ரோஸ்லினைக் கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். கவர்ன்மென்ட் பள்ளியில் கன்னடம் படித்தவள் ரோஸ்லின், இப்போது கார்மென்ட்ஸில் வேலை. "நோயல் பேரு இருக்குது, நாட்டுக்காக உயிரு குடுத்தான்னு இருக்குது" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அந்த இரண்டரை மாதம் பிரிசில்லாவுக்கு நிறைந்த மாதம். தினமும் ஒரு முழம் பூ வாங்கிப் போட்டாள். பள்ளிக்கூடம் போகிற வாண்டுகள் கல்லைப் பார்த்து சல்யூட் அடித்தன. மழைக்குப் பத்தி காயாமல் போனபோதுகூட அவள் யாரையும் திட்டவில்லை. இந்த வருடம் கல்லறைத் திருநாளுக்கு அவளுக்கு ஒரு வேலை கூடுதலாக இருந்தது. கறுப்பு மை ஒரு டப்பா தனியாக வாங்கி வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, அக்டோபர் முப்பத்தொன்று. எந்த வரி பேர், எந்த வரி ஊர் என்று தெரிந்தால்தானே அதன் மேல் மை பூசலாம்? கடைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்த லட்சுமம்மாவைக் கூப்பிட்டு, விரல் வைத்துப் படிக்கச் சொன்னாள்.

"மேல இருக்கிறது நோயல் பேரு. வீரயோதான்னா உங்க பாஷையில போர்வீரன். கீழ…" லட்சுமம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்தாள். "கார்கில் யுத்தத்துல உயிர் குடுத்தான். சாவிரத ஒம்பைநூற தொம்பத்தொம்பத்து, இந்தத் தொண்ணூத்தொம்போது வருஷம்."

"லட்சுமம்மா, இன்னொரு தரம் படி."

இன்னொரு தரம் படித்தாள். பிரிசில்லாவின் முகத்தைப் பார்த்தபிறகுதான் அவளுக்குப் புரிந்தது. "அய்யோ சிவனே. உனக்குச் சொல்லித்தான் வெச்சாங்கன்னு இருந்தேன் பிரிசில்லா. நீ ஒத்துக்கினேன்னு இருந்தேன்."

மழை தூற ஆரம்பித்தது. வாசலில் விரித்த பத்தியை எடுக்க வேண்டும் என்று பிரிசில்லாவுக்குத் தோன்றவில்லை. கல்லின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அவன் செத்து பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு, அவன் பார்க்காத பனிமலையில், அவன் போகாத சண்டையில் அவனை இன்னொரு தரம் சாகடித்திருக்கிறார்கள். அதற்குத் தினமும் ஒரு முழம் பூ போட்டிருக்கிறாள் இவள்.

நேராக ஆதிகேசவன் வீட்டுக்குப் போனாள். அவர் ஒன்றும் மறுக்கவில்லை. கவுன்சிலருக்குக் கார்கில்தான் வேண்டியிருந்தது என்றார். அதோடு நின்றிருக்கலாம். ஆனால் மனுஷனுக்கும் உள்ளே ஏதோ அறுத்துக்கொண்டிருந்திருக்கிறது.

"அக்கா, நெசத்த எழுதினா அந்தக் கல்லு ஒரு வாரம் நிக்காது. நம்ம பசங்களே ஒடைப்பானுங்க, தமிழனக் கொன்னவனுக்குக் கல்லான்னு. ராஜீவ் காந்தி செத்ததுல இருந்து கன்னடக்காரங்களுக்கு ஸ்ரீலங்கான்னாலே நாமெல்லாம் புலி. மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி. கார்கில்னு போட்டா ரெண்டு பேரும் கும்பிடறான். பேரு நின்னா போதும்னுதானே நீ கேட்ட?"

"பேரு மட்டுமா கேட்டேன்?" என்றாள் பிரிசில்லா. "நீ அன்னிக்குக் குழாயடியில சொன்னியே, அதுகூட மேலுடா. அதுல அவன் எங்க செத்தான்றதாவது இருந்துச்சு."

வீட்டில் ரோஸ்லின் அழுதாள். தனக்கு முதல் நாளே தெரியும் என்றாள். பன்னிரண்டு வருடத்தில் அம்மா சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தாளாம், அதைக் கெடுக்க மனசு வரவில்லையாம். மறுநாள் ராஜ்யோத்சவம். சந்து முனையில் மஞ்சளும் சிவப்புமாகத் தோரணம் கட்டி, மைக் வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் கேசரிபாத் கொடுத்தார்கள். பிரிசில்லா வெளியே வரவே இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு பத்தி மாவு பிசைந்தாள். எத்தனையோ நாள் பிசைந்த கைதான், அன்று கொஞ்சம் கெட்டியாகப் பிசைந்தது.

நவம்பர் இரண்டு, விடியற்காலை முதல் பூசை முடிந்து நேராகக் கல்லுக்குப் போனாள். ஒரு கையில் சுண்ணாம்பு வாளி, ஒரு கையில் பிசைந்த மாவு. ஷாமியானா இன்னும் பிரிக்கவில்லை, நாற்காலிகள் அடுக்கிக் கிடந்தன. தெரு அப்போதுதான் எழுந்து வாசல் தெளித்துக்கொண்டிருந்தது. அவள் சம்மணம் போட்டு உட்கார்ந்து, செதுக்கியிருந்த பள்ளத்திலெல்லாம் பத்தி மாவை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள். அவன் பேரை விட்டுவிட்டு, கீழ் இரண்டு வரியையும் ஒவ்வொரு எழுத்தாகத் தூர்த்தாள். மேலே உள்ளங்கையால் ஒரு இழுப்பு. முப்பது வருடப் பழக்கம், கல் மட்டமாகிவிட்டது. அதன் மேல் சுண்ணாம்பு அடித்தாள். அது இழுத்துக்கொள்கிற வரைக்கும் ஜெபமாலை சொன்னாள். பிறகு மை டப்பாவைத் திறந்து, தனக்குத் தெரிந்த ஒரே எழுத்தில் எழுதினாள்.

நோயல். யாழ்ப்பாணம். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால். 1987.

காலடியில் மெழுகுவத்தி ஏற்றி, மாலையைப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவள் கையில் இருந்த கறுப்பு அவளுக்கு அழகாகத் தெரிந்தது.

அரை மணி நேரம் இருந்தது அது. பால் வாங்கப் போன ஒருத்தர் பார்த்தார், அவர் இன்னொருத்தரைக் கூட்டிவந்தார். எல்லாம் தமிழ் ஜனங்கள்தான். ராஜ்யோத்சவத்துக்கு மறுநாள், கன்னடக் கொடிக்கு அடியில், கன்னட எழுத்தை மூடித் தமிழ். அதிலும் யாழ்ப்பாணம். ஜன்னல்களைச் சாத்துகிற சத்தம் கேட்டது. ஆதிகேசவன் பல் துலக்கினதும் துலக்காததுமாக ஓடிவந்தார்.

"அக்கா, உன் கால்ல வேணா விழறேன். ஒம்போது மணிக்கு ஷாமியானா பிரிக்க ஆளுங்க வருவாங்க. தொண்ணூத்தொண்ண மறந்துட்டியா?"

லட்சுமம்மா தன் வாசலிலிருந்து வந்து சேர்ந்தாள். "யாரு இன்னா கேப்பாங்க? பெத்தவ எழுதினா எழுதட்டும். கேக்க வந்தா நான் பேசறேன், சும்னே இரிங்கய்யா" என்றாள். அவள் பேச்சை யாரும் கேட்கவில்லை. பயந்தவனுக்குப் பக்கத்து வீட்டுக்காரி தைரியம் என்ன செய்யும்?

ஆனால் கல்லில் கை வைக்க ஒருத்தருக்கும் துணிவில்லை. கல்லறைத் திருநாளன்று எழுதின பேரை அழித்தால் வம்சத்துக்கு ஆகாது என்று பயம். அந்தப் பயமும் இந்தப் பயமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ரோஸ்லின் வந்தாள். கார்மென்ட்ஸுக்குக் கிளம்பின புடவை. அம்மாவைப் பார்க்காமல் வாளியில் இருந்த சுண்ணாம்பு மட்டையை எடுத்தாள்.

"மத்தவங்க கை பட வேணாம். நானே அடிக்கிறேன்" என்றாள். "அண்ணன் செத்துட்டாம்மா. எம் பிள்ளைங்க உயிரோட இருக்குதுங்க. எம் புருஷனால இன்னும் கைய மடக்க முடியல."

ஒரு பூச்சு அடித்தாள். ஈரச் சுண்ணாம்புக்குள்ளே எழுத்து தெரிந்தது. இன்னொன்று அடித்தாள். பிறகு கன்னட எழுத்து பழையபடி தெரிய வேண்டும் என்று ஆதிகேசவன் மெதுவாகச் சொல்ல, தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவி, குந்தி உட்கார்ந்து, கார்கில் வரியில் அடைத்திருந்த மாவைத் தோண்ட ஆரம்பித்தாள். காயாத மாவு, சுலபமாக வந்தது. ஐப்பசி மாதம் அதற்கும் உதவியது.

பிரிசில்லா மகளின் விரல் நுனி கறுத்துப்போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டென்சில் சொன்னானே ரோஸ்லின், அங்க சிலுவைய எடுத்துட்டுப் போய்ட்டாங்கன்னு. அவங்க அடுப்பெரிக்க எடுத்தாங்க. நீங்க எதுக்குடி எடுக்கிறீங்க?"

ரோஸ்லின் கை ஒரு நிமிஷம் நின்றது. பிறகு அடுத்த எழுத்துக்குப் போனது.

எட்டரை மணிக்குள் வேலை முடிந்தது. சுண்ணாம்பு காயக் காய, தமிழில் எழுதினது உள்ளே போய் மறைந்துவிட்டது. செதுக்கினது மட்டும் பள்ளம் பள்ளமாக மேலே வந்தது. வெள்ளைக் கல்லில் முன்னைவிட இப்போது நன்றாகவே படிக்கலாம். கூட்டம் பெருமூச்சு விட்டுக் கலைந்தது. மெழுகுவத்தியும் மாலையும் இருக்கட்டும், அது பார்க்க மரியாதையாகத்தான் இருக்கிறது என்று ஆதிகேசவன் சொன்னார்.

பிரிசில்லா முழங்காலில் கையை ஊன்றி எழுந்தாள். குனிந்து மெழுகுவத்தியை ஊதி அணைத்தாள். மாலையைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டாள்.

"இது கார்கில்ல செத்த பிள்ளையோட கல்லு" என்றாள். "அவன் யாரு பெத்த பிள்ளையோ. அவங்கம்மா வந்து ஏத்தட்டும்."

வாளியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் பலகையின் முன் உட்கார்ந்தாள். மீதி மாவு காய்ந்துகொண்டிருந்தது. தண்ணீர் தெளித்துப் பிசைந்து, முதல் குச்சியை எடுத்து உருட்டினாள்.